எல்டோரெட்டும் இண்டியானாவும்: பல்கலைக்கழக மருத்துவக் கூட்டுறவு குறித்த கேள்வி பதில்

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு போடப்படும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிடுகின்றன. நிலைத்து நின்ற ஒன்றைச் சொல்ல முடியுமா?

பதில்: மேற்குக் கென்யாவின் எல்டோரெட் நகரில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த மோய் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்கும், அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்கும் இடையே 1990 வாக்கில் தொடங்கிய உறவைச் சொல்வேன். அது இன்றும் தொடர்கிறது. இண்டியானாவின் ஆசிரியர்கள் வந்துபோகும் விருந்தினர்களாக இருக்கவில்லை. ஒருவராவது எல்டோரெட்டிலேயே குடியிருந்து, வார்டில் நோயாளிகளைக் கவனித்து, கென்ய மருத்துவர்களோடு சேர்ந்து கற்பித்தார். உறவு நிலைத்ததற்கு இதையே முதல் காரணமாகக் கருதுகிறேன்.

கேள்வி: அப்படியானால் ஆய்வு எப்போது வந்தது, ஐயா? ஆய்வு நிதி இல்லாமல் இத்தகைய திட்டங்கள் தொடங்குவதே இல்லையே?

பதில்: அங்கே வரிசை வேறாக இருந்தது. முதல் பத்தாண்டுகளில் கற்பித்தலும் சிகிச்சையுமே முதன்மை. 1990களின் பிற்பகுதியில் வார்டுகள் எய்ட்ஸ் நோயாளிகளால் நிரம்பின. எச்ஐவியைக் கட்டுப்படுத்தப் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சை பணக்கார நாடுகளில் உயிர் காத்துக்கொண்டிருந்தபோது எல்டோரெட்டில் அது எட்டாத விலையில் இருந்தது. அந்த நெருக்கடியில்தான் 2001இல் ஆம்பாத் என்ற கூட்டுத் திட்டம் பிறந்தது. 2004 முதல் அமெரிக்க அரசின் நிதி கிடைத்ததும் வேகமாக விரிந்தது. மாத்திரை கிடைத்தும் வயிற்றுக்கு உணவில்லாதவர் தேறுவது கடினம் என்று கண்ட மருத்துவர்கள், நோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவளிக்கப் பண்ணைகளையே நடத்தினார்கள். ஒரு மருத்துவப் பள்ளி பயிர் வைக்கத் துணிந்தது என்னை இன்றும் நெகிழவைக்கிறது.

இத்தனை பேரைத் தொடர்ந்து கவனிக்கக் காகிதக் கோப்புகள் போதவில்லை. மொசோரியொட் கிராமப்புறச் சுகாதார நிலையத்தில் முன்பே தொடங்கியிருந்த மின்னணுப் பதிவேட்டின் அனுபவம் கைகொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 2004இல் உருவான ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற, யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்தமூல மருத்துவப் பதிவேட்டு மென்பொருளைப் பின்னர் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. சிகிச்சைக்காகத் திரட்டிய அந்தப் பதிவுகள் ஆய்வுக்கும் அடித்தளமாயின.

கேள்வி: பணம் தருபவர்தானே ஆய்வுக் கேள்வியையும் முடிவு செய்வார்?

பதில்: அந்த அபாயம் எப்போதும் உண்டு. கென்ய ஆய்வாளரும் வட அமெரிக்க ஆய்வாளரும் இணைந்து பொறுப்பேற்பதும், ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனும் உரிமையும் காக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் எல்டோரெட்டின் நெறிமுறைக் குழு தனியாக ஒப்புதல் தருவதும் அங்கே அதற்கான தடுப்புகள். ஆனால் திட்ட வரைவு எழுதும் முன்பே உள்ளூர் ஆய்வாளர் மேசையில் இருக்க வேண்டும்; தரவு திரட்டி முடிந்தபின் கட்டுரையில் பெயர் சேர்ப்பதைக் கூட்டாய்வு என்று நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: மாணவர் பரிமாற்றம் இருவழியா?

பதில்: ஆம், கென்ய மாணவர்களும் இண்டியானாவுக்குச் சென்று பயில்கிறார்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் எங்கள் மருத்துவக் கல்லூரி ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டாய்வு செய்ய விரும்புகிறது. எதில் தொடங்குவது?

பதில்: முதலில் உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்; வெளிநாட்டுத் தரப்பின் ஒப்புதல் இதற்கு மாற்றாகாது. வெளிநாட்டு நிதியோ பங்கேற்போ உள்ள சுகாதார ஆய்வுகளைப் பரிசீலிக்கும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் குழுவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே செயலகம். விண்ணப்பம் அங்கே செல்ல வேண்டும். இரத்தம், திசு போன்ற மாதிரிகள் வெளிநாடு செல்லுமானால், அவற்றை எதற்குப் பயன்படுத்தலாம், மிஞ்சுவதை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தமாக்கிக்கொள்ளுங்கள். பரிசோதனையை இங்கேயே செய்ய ஆய்வகமும் பயிற்சியும் தர மறுதரப்பு முன்வருமா என்பதையும் அந்தப் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.