ஃப்ரீ ஹவுஸ் என்றால் இலவசம் இல்லை

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் லண்டன் பப்களைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், நம் வாசகர்களில் பாதிப் பேருக்கு லண்டனில் பிள்ளைகள் இருக்கிறார்கள் போல. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

டூட்டிங்கில் இருக்கும் மகன் வீட்டுக்குப் பத்து நாள் போகிறேன். போன தடவை, ஒரே பெயர்ப் பலகை, ஒரே மெனு உள்ள பப்களுக்குத்தான் அழைத்துப்போனான். கேட்டால், "எங்கே போனாலும் இதே ருசிதாம்ப்பா" என்கிறான். அந்த ஊர் பீரை அந்த ஊர்க்காரர்களின் இடத்தில் குடிக்க எங்கே போவது?
— ஈரோடு வாசகர்

பையன் பொய் சொல்லவில்லை. எங்கே போனாலும் அதே ருசி கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கடைகளை நடத்துகிறார்கள். பைபாஸ் ரோட்டில் பித்தளை டபராவைப் படமாகப் போட்டு ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதைத் திண்டிவனத்தில் குடித்தாலும் ஒன்றுதான், உளுந்தூர்பேட்டையில் குடித்தாலும் ஒன்றுதான். அவசரத்துக்கு ஆகும். கும்பகோணத்திலேயே போய் இறங்கிய பிறகும் அதையா தேடுவோம்?

பையன் டூட்டிங்கில் வீடு பார்த்தது உங்கள் அதிர்ஷ்டம். நானும் பதினாலு வருஷம் அங்கேதான் குப்பை கொட்டினேன். டூட்டிங் பிராட்வே ஸ்டேஷனில் ஏறினால் நார்தர்ன் லைன் என்ற மெட்ரோ ரயில் பாதை. மேப்பில் கறுப்புக் கோடு. நான் சொல்லப்போகும் நாலு இடமும் அந்தக் கோட்டை ஒட்டியே இருக்கின்றன.

முதலில் பரோவில் இறங்குங்கள். டாபர்ட் தெருவில் ராயல் ஓக் என்று ஒரு மூலைக் கட்டட பப். லண்டனுக்குத் தெற்கே லூயிஸ் என்ற சின்ன ஊரில் ஹார்வீஸ் என்ற குடும்பம் 1790இலிருந்து பீர் காய்ச்சுகிறது. அவர்களுடைய பப் இது. ‘சசெக்ஸ் பெஸ்ட்’ கேளுங்கள். செம்பு நிறம். முதல் வாயில் கசப்பு, அதன் பின்னால் தானியத்தின் தித்திப்பு, விழுங்கின பிறகு மறுபடி கசப்பு. 4 சதவீதம்தான், நம்மூர் ஸ்ட்ராங் பீரில் ஏறத்தாழ பாதி. ஒரு பைண்ட் 568 மில்லி. அரை பைண்ட் கேட்டால் யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த ஸ்டேஷன் லண்டன் பிரிட்ஜ். 1836இல் ஓட ஆரம்பித்த லண்டனின் முதல் ரயில் பாதை அங்கிருந்து கிரீனிச் பக்கம் போகிறது. தரையில் தண்டவாளம் போடாமல் 878 செங்கல் வளைவுகளைக் கட்டி அதன் மேல் தூக்கி வைத்தார்கள். அந்த வளைவுகளுக்கு அடியில் ஒரு காலத்தில் மெக்கானிக் ஷெட்டும் குடோனும்தான். இன்று பெர்மண்ட்சி பக்கம் வரிசையாக பீர் காய்ச்சும் கடைகள். பிள்ளையார் சுழி போட்டது 2009இல் தொடங்கிய ‘தி கெர்னல்’. தொடங்கிய ஈவின் ஓ’ரியோர்டன் அதுவரை பாலாடைக்கட்டி விற்றுக்கொண்டிருந்தவர். பாட்டிலில் சினிமா போஸ்டர் மாதிரி லேபிள் எல்லாம் கிடையாது, வெறும் பழுப்புக் காகிதம். விக்டோரியா காலத்துக் கறுப்பு பீர்களின் செய்முறையைத் தோண்டி எடுத்துக் காய்ச்சுகிறார்கள். ‘எக்ஸ்போர்ட் ஸ்டவுட்’ கிடைத்தால் ஒன்றை வாங்கி இருவருமாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். சுக்குக் காபியைவிடக் கறுப்பு. தலைக்கு மேலே ரயில் போகும்போது மேஜையும் கிளாஸும் சேர்ந்து அதிரும். சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கே போய்விடுங்கள். வாரநாளில் பல ஷட்டர்கள் மூடிக்கிடக்கும். சனிக்கிழமை சாயங்காலமானால் கல்யாண மாப்பிள்ளையைக் குரங்கு வேஷம் போட்டு இழுத்துவரும் கும்பல்களிடம் மாட்டிக்கொள்வீர்கள்.

மூன்றாவது, சேரிங் கிராஸ் பக்கம் சாண்டோஸ் பிளேஸில் இருக்கும் தி ஹார்ப். ரயில்பெட்டி மாதிரி ஒடுங்கலான இடம், வாசலில் வண்ணக் கண்ணாடி, சுவரெல்லாம் யார் யாருடையதோ உருவப் படங்கள். பழைய முறை பீரைக் காப்பாற்ற 1971இல் தொடங்கிய ‘கேம்ரா’ என்ற குடிப்போர் சங்கம், நாட்டிலேயே சிறந்த பப் என்று 2010இல் இதைத் தேர்ந்தெடுத்தது. லண்டன் பப் ஒன்றுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. 2014இல் அதை ஃபுல்லர்ஸ் என்ற பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. அப்படியென்றால் அதுவும் உங்கள் பையன் அழைத்துப்போனது மாதிரி சங்கிலிக் கடைதானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனாலும் போகச் சொல்கிறேன். பலகை மாறினாலும் பீப்பாய்கள் இருக்கும் நிலவறையைப் பார்த்துக்கொள்ளும் கை மாறாவிட்டால் பீர் மாறாது. பீர் விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விதி அதுதான், மற்றதெல்லாம் விலாசம்.

நாலாவது, கென்டிஷ் டவுனில் இறங்கி ஹைகேட் ரோட்டில் கால் மணி நடந்தால் சவுத்ஹாம்ப்டன் ஆர்ம்ஸ். வாசலில் ‘ஆல், சைடர், மீட்’ (பீர், ஆப்பிள் மது, இறைச்சி) என்று மூன்றே வார்த்தை. உள்ளேயும் அந்த மூன்றுதான். பெரிய கம்பெனிச் சரக்கு எதுவும் கிடையாது, சின்னச் சின்னக் காய்ச்சுகாரர்களின் பீர் மட்டும். ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு இங்கே போங்கள்.

பப் வாசலில் ‘ஃப்ரீ ஹவுஸ்’ என்று எழுதியிருக்கிறதே, என்ன அர்த்தம்?
— திருச்சி வாசகர்

நான் லண்டன் போன முதல் வாரம், என் அறைத்தோழன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, "தங்க இடம் சும்மா தர்றாங்கடா" என்று பெட்டியோடு கிளம்பிவிட்டான். உள்ளே போய்க் கேட்கவும் கேட்டான். அவர்கள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அப்புறம் அவனுக்கு ஒரு அரை பைண்ட் சும்மா கொடுத்தார்கள், அதனால் முழுத் தப்பென்றும் சொல்ல முடியாது.

ஒரு பீர் கம்பெனிக்குக் கட்டுப்படாத பப் என்று அர்த்தம். அந்த ஊரில் பப் கட்டடமே பெரும்பாலும் பீர் கம்பெனியின் சொத்தாக இருந்தது. குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் அந்தக் கம்பெனி பீரைத்தான் விற்க வேண்டும். 2,000 பப்களுக்கு மேல் வைத்திருந்த கம்பெனிகளுக்கு 1989இல் அரசு கடிவாளம் போட்டது. அவர்கள் கழற்றிவிட்ட பப்களை வேறு பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாங்கிக்கொண்டன. மாடு கை மாறியது, கயிறு அப்படியே இருந்தது. ‘ஃப்ரீ ஹவுஸ்’ என்றால் முதலாளி தனக்குப் பிடித்ததை வாங்கி விற்கலாம். பலகையைப் பார்த்தால் தயங்காமல் உள்ளே நுழையுங்கள்.

இங்கிலாந்தில் பீரைச் சூடாகக் கொடுப்பார்களாமே? அதை எப்படிக் குடிப்பது?
— தூத்துக்குடி வாசகர்

சூடு இல்லை ஐயா, பானைத் தண்ணீர் மாதிரி. 11 முதல் 13 டிகிரி. நிலவறையின் குளுமை அவ்வளவுதான்.

படிக்கிற காலத்தில் இரண்டு வருஷம் ஒரு பப்பின் நிலவறையில் வேலை பார்த்தேன். திங்கட்கிழமை பீப்பாய் இறங்கும். சின்னப் பீப்பாய்க்கு ஃபிர்கின் என்று பெயர், 72 பைண்ட் பிடிக்கும். அதைப் படுக்க வைத்து ஆப்பு கொடுத்து அசையாமல் நிறுத்த வேண்டும். உள்ளே ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கும். மேலே உள்ள துளையில் மரமுளையை வைத்து மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் ‘உஸ்ஸ்’ என்று மூச்சு விட்டு நுரை கக்கும். முதலாளியம்மா பக்கத்தில் நின்று அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருப்பார். நுரை அடங்குவதைப் பார்த்து, நாளைக்கா நாளன்றைக்கா என்று சொல்வார். அவர் சொல்லும் முன்னால் அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு சொட்டு மேலே போகாது. குழாய் அடித்துவிட்டால் மூன்று நாளைக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். காலையில் இறக்கின கள்ளுக்கும் சாயங்காலக் கள்ளுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ரகத்துக்கு ‘காஸ்க்’ என்று பெயர். கவுன்டரில் நீளமான கைப்பிடியை இழுத்து இறைப்பார்கள். குழாயைத் திருப்பினால் சில்லென்று குமிழியோடு கொட்டுவது ‘கெக்’. கடும் வெயிலில் கெக் குடியுங்கள், நானும் குடிப்பேன்.

ஒருமுறை, பெயர் வேண்டாம், ரயில்வே ஸ்டேஷனுக்குள் இருந்த ஒரு பெரிய சங்கிலிக் கடையில் காஸ்க் கேட்டேன். வாயில் வைத்தால் ஊறுகாய் வினிகர். சொன்னேன். அந்தப் பையன் பாவம், "இந்த பீர் இப்படித்தான் இருக்கும்" என்றான். அவன் தப்பில்லை, அவன் அதைக் குடித்ததே இல்லை. நல்ல கடையில் நீங்கள் முகம் சுளித்தாலே போதும், கடைக்காரர் தானே ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, மறு கிளாஸ் கொடுத்துவிட்டு, கைப்பிடியில் மாட்டியிருக்கும் பெயர்ச் சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார். சீட்டு திரும்பியிருந்தால் அந்த பீர் அன்றைக்கு இல்லை என்று பொருள்.

பீரில் ‘கிராஃப்ட்’ (கைவினை) என்று போட்டிருந்தால் சின்ன உள்ளூர்க் கம்பெனி என்று நம்பலாமா?
— கோவை வாசகர்

நம்பாதீர்கள். கேம்டன் டவுன் என்ற லண்டன் பேட்டையின் பெயரிலேயே 2010இல் தொடங்கிய பீரை 2015இல் ஏபி இன்பெவ் வாங்கியது. உலகத்திலேயே பெரிய பீர் கம்பெனி அது. மண்டையோட்டுப் படம் போட்ட பீவர்டவுன் 2022இல் முழுசாக ஹைனெகன் என்ற பெரிய பீர் கம்பெனியின் கைக்குப் போனது. கிரீனிச்சில் வளர்ந்த மீன்டைம் இப்போது ஜப்பானின் அசாஹி கம்பெனியிடம். இவை மோசமான பீர் என்று சொல்லவில்லை. ஊர்ப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. 1979இல் மஸ்வெல் ஹில்லில் ஒரே கடையாக ஆரம்பித்த வெதர்ஸ்பூன் இன்று நாடு முழுக்க இருக்கும் சங்கிலி. அங்கே சின்ன ஊர்க் காய்ச்சுகாரர்களின் காஸ்க் பீரும் மற்ற இடங்களைவிட மலிவாகக் கிடைக்கிறது. கையில் காசு குறைந்த நாளில் நானே போயிருக்கிறேன்.

கவுன்டரில் ஒன்று கேளுங்கள்: "இன்றைக்கு எந்தப் பீப்பாய் புதிது?" பதில் சொல்பவர் கண் பளிச்சென்றால் உட்காருங்கள். மெனு கார்டை நீட்டினால் கிளம்புங்கள். ஒரு வாய் ருசி பார்க்கத் தாருங்கள் என்றும் கேட்கலாம், கூச்சம் வேண்டாம். மூன்று ரகம் ருசி பார்த்துவிட்டு வாங்காமல் போவதுதான் மரியாதை இல்லை.

நான் சைவம். பீரில் என்ன இருக்கப் போகிறது, குடிக்கலாம்தானே?
— மயிலாப்பூர் வாசகர்

இருக்கிறதே! காஸ்க் பீர் தெளிய வேண்டும் என்பதற்காகக் காலங்காலமாக அதில் சேர்ப்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பசை. ஐசிங்கிளாஸ் என்பார்கள். மிதக்கும் ஈஸ்டை இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடும், கிளாஸுக்குள் அநேகமாக வராது. ‘அநேகமாக’ என்பது உங்களுக்குப் போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொல்லாமல் மூன்று பைண்ட் வாங்கிக்கொடுத்த பாவம் என் கணக்கில் இருக்கிறது.

புதுக் காய்ச்சுகாரர்கள் பலர் அந்தப் பசையைச் சேர்ப்பதில்லை. பீர் கலங்கலாக இருக்கும், அதை மறைக்கவும் மாட்டார்கள். கவுன்டரில் "வீகனா?" (விலங்குப் பொருள் எதுவும் சேராததா) என்று ஒரே வார்த்தை கேளுங்கள். சின்னக் கடைகளில் இதற்கு உடனே பதில் தெரியும்.

ஐபிஏ (இந்தியா பேல் ஆல்) என்ற பீரின் பெயரில் ‘ஐ’ என்றால் நம் இந்தியாவா? நம்மூரில் காய்ச்சியதா?
— சேலம் வாசகர்

காய்ச்சியது லண்டனில், குடித்தது இங்கே. கிழக்கு லண்டனில் போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் பீர் ஆலை. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் கிளம்பும் பிளாக்வால் துறைக்கு அது பக்கம். கப்பல் கேப்டன்களுக்கு நீண்ட தவணையில் கடன் கொடுத்தார், அவர்கள் பீப்பாய்களை ஏற்றிவந்து கல்கத்தாவிலும் மதராஸிலும் விற்றார்கள். கடல் பயணத்துக்கென்றே கண்டுபிடித்த பீர் என்பது பப் கதை. வெளிறிய கசப்பு பீர் அங்கே முன்பே இருந்தது, பெயர்தான் பின்னால் ஒட்டிக்கொண்டது. துரைமார்கள் அதைக் குடித்தபோது, சாதாரணச் சிப்பாய் குடித்தது கறுப்பு போர்ட்டர். அதுவும் அதே கப்பல்களில்தான் வந்தது, ஆனால் அதை யாரும் ‘இந்தியா போர்ட்டர்’ என்று கொண்டாடுவதில்லை.

நான் குடிப்பதில்லை. அவர் உங்கள் பகுதியைப் படித்துவிட்டு இப்போதே பட்டியல் போடுகிறார். அவர் உள்ளே போனால் நான் குளிரில் வெளியே நிற்க வேண்டுமா?
— மதுரை வாசகி

எதற்கம்மா நிற்க வேண்டும்? டாஸ்மாக் பாரை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். அங்கே பாட்டி ஒருத்தி மூலையில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள், காலடியில் யாருடைய நாயாவது தூங்கும். பல பப்களில் பகலில் குழந்தைகளையும் அழைத்துப் போகலாம். ஒன்று மட்டும்: மேஜைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள், கவுன்டருக்குப் போய்த்தான் வாங்கிவர வேண்டும். அவரையே அனுப்புங்கள்.

உங்களுக்கு ‘லைம் அண்ட் சோடா’ வாங்கிக்கொள்ளுங்கள். விலை கொஞ்சம்தான். ஆனால் நம்மூர் நினைப்பில் உப்புப் போடச் சொல்லிவிடாதீர்கள். நான் "சால்ட்" என்று கேட்டேன். அந்தப் பெண் நல்லவள், தலையாட்டிவிட்டு உப்புப் போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.