அமெரிக்காவின் ஊர்ப்புற வரலாற்றுச் சங்கங்கள் முதற்குடியேறிகளின் நினைவை எவ்வாறு காக்கின்றன?

நெப்ராஸ்கா மாநிலத்தின் கஸ்டர் கவுண்டி (மாவட்டம்) நல்ல எடுத்துக்காட்டு. ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிட்டால் 160 ஏக்கர் சொந்தமாகும் என்ற 1862ஆம் ஆண்டுச் சட்டத்தை நம்பி வந்தவர்கள், மரம் அரிதான அப்புல்வெளியில், புல்வேர் பின்னிய மண்ணைப் பாளங்களாக வெட்டி அடுக்கியே வீடு கட்டினர். மழையில் கரையும் அச்சுவர்களில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. ஒளிப்படக்காரர் சாலமன் புட்சர் 1886 முதல் கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்கள் நிலைத்தன. அவற்றை நெப்ராஸ்கா மாநில வரலாற்றுச் சங்கம் வாங்கிப் பாதுகாக்கிறது.

படத்தில் நிற்பவர் யார், அவர் நிலம் எங்கிருந்தது என்பதை நிலப்பதிவு, கல்லறைப் பட்டியல், பழைய செய்தித்தாள் ஆகியவற்றை ஒப்பிட்டுக் கண்டறிவதே உள்ளூர்ச் சங்கங்களால் சிறப்பாகச் செய்யக்கூடிய பணி. காட்சிக்கூடத்துக் கலப்பையைவிட அதற்கே மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. (‘முதற்குடியேறி’ என்ற சொல்லே, அவர்களுக்கு முன் அங்கு வாழ்ந்த பானீ, லக்கோட்டா பழங்குடி மக்களை மறைத்துவிடுகிறது.)