பெயர் தெரியாமல் சபிக்க முடியுமா?

கேள்வி: பழைய கிரேக்கத்தில் எதிரியின் பெயரை எழுதினாலே சாபம் பலிக்கும் என்று நம்பினார்களாமே, நிஜமா?

நிஜம்தான். ஏதென்ஸ் பக்கம் கிடைத்த பழைய சாபத் தகடுகள் சிலவற்றில் பெயரைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. மெல்லிய ஈயத் தகட்டில் எதிராளியின் பெயரைக் கீறி, மடித்து, ஆணி அடித்து, யாருடைய கல்லறையிலாவது போட்டுவிட்டு வந்துவிடுவார்கள், மற்றதைப் பாதாள தெய்வங்கள் பார்த்துக்கொள்ளும். சிலர் பெயரின் எழுத்துக்களைப் புரட்டிப் போட்டார்கள், ஆளும் அப்படியே புரண்டு போகட்டும் என்று.

ஏதென்ஸின் கெராமெய்க்கோஸ் இடுகாட்டில் தோண்டியபோது, கி.மு. 400-ஐ ஒட்டிய சின்ன ஈயப் பொம்மை ஒன்று கிடைத்தது. கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கின்றன, வலது காலில் ம்னெசிமாகோஸ் என்று பெயர், படுக்க வைத்ததோ ஈயத்திலேயே செய்த குட்டிச் சவப்பெட்டியில். மூடியில் இன்னும் சில பெயர்களை எழுதி, அவர்களுக்காக வாதாட வருபவர், சாட்சி சொல்பவர் எல்லோரையும் சேர்த்துச் சாபத்தால் கட்டியிருக்கிறார்கள். ஆக, கோர்ட் கேஸ்!

சபித்தவர் மட்டும் தன் பெயரைப் பெரும்பாலும் எழுதவில்லை. விவரமான ஆள்தான். ஒடிசி என்ற பழைய கிரேக்கக் காவியத்தில், ஒற்றைக்கண் அரக்கனிடம் பெயரை மறைத்திருந்த வரைக்கும் நாயகன் ஒடிசியஸைச் சாபம் எதுவும் தொடவில்லை. தப்பித்துக் கப்பலேறிய பிறகு வீராப்பாகத் தன் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாவற்றையும் கத்திச் சொன்னார் பாருங்கள், அரக்கன் அதை அப்படியே எடுத்துத் தன் அப்பனான கடல் தெய்வம் பொசைடனிடம் சாபமாக வேண்டிக்கொண்டான்.

கேள்வி: ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் சாபம் யார் மேல் போகும்?

அந்தப் பயம் அவர்களுக்கும் இருந்தது. ரோமப் பேரரசுக் காலத்துத் தகடுகளில் 'இன்னாள் பெற்ற இன்னான்' என்று அம்மா பெயரைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அப்பா யார் என்பதில் சந்தேகம் வரலாம், அம்மாவில் வராது என்பது பலர் சொல்லும் காரணம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ரதப் பந்தயத்துக்குச் சாபம் வைத்தவர்கள் ஓட்டுநரோடு நிற்காமல் குதிரைகளின் பெயர்களையும் எழுதினார்கள்.

கேள்வி: திருடன் யாரென்றே தெரியாவிட்டால்?

இங்கிலாந்தின் பாத் நகரில், சூலிஸ் தேவியின் வெந்நீர் ஊற்றில் கிடைத்த, ரோமர் ஆட்சிக் காலத்துச் சுமார் 130 லத்தீன் தகடுகள் இதற்குப் பதில் சொல்கின்றன. பெரும்பாலானவை திருட்டுப் புகார்தான். பெயர் தெரியாததால் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவனோ என்று ஒருவரும் தப்பாதபடி வக்கீல் பத்திரம் போல எழுதினார்கள். பணப்பையிலிருந்து 6 வெள்ளிக் காசு போன ஒருவர் 'கிறிஸ்தவனோ அல்லாதவனோ' என்பதையும் சேர்த்தார், அதே தகட்டில் 18 பெயர்கள் வேறு இருக்கின்றன, சந்தேகப் பட்டியலாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கே சபிப்பவர்கள் தங்கள் பெயரையும் தைரியமாக எழுதினார்கள், தேவியிடம் நியாயம் கேட்டுக் கொடுக்கும் மனு அல்லவா. தோசிமேதிஸ் என்பவருக்குக் களவு போனது இரண்டு கையுறை. எடுத்தவனுக்குப் புத்தியும் போகணும், கண்ணும் போகணும் என்று கேட்டிருக்கிறார்!