சீட் நம்பரே இல்லாத ரயிலுக்கு முன்பதிவு எதற்கு?

கேள்வி: ஜூன் மாதம் நான், மனைவி, 67 வயது அம்மா மூவரும் சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் நான்கு நாள் தங்குகிறோம். ஒரு நாள் செஃபலூ கடற்கரை ஊருக்குப் போய்வர ஆசை. இப்போதே ரயிலில் சீட் போடாவிட்டால் இடம் கிடைக்காது என்று ஏஜென்ட் 90 யூரோ கேட்கிறார். வாடகை கார் எடுத்துவிடலாமா? அம்மாவுக்கு மூட்டுவலி.

பதில்: ஏஜென்டுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். பலேர்மோ சென்ட்ராலே நிலையத்திலிருந்து செஃபலூவுக்குப் போவது ‘ரெஜியோனாலே’ என்கிற உள்ளூர் ரயில். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அதில் சீட் நம்பர் என்ற பேச்சே கிடையாது. ஏறினோம், காலி இடத்தில் உட்கார்ந்தோம், அவ்வளவுதான். முன்கூட்டியே வாங்கினாலும், வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது வாங்கினாலும் ஒரே விலை. ஒருவருக்கு ஒரு வழிக்கு ஏறத்தாழ ஏழு யூரோ. மூவரும் போய்வர நாற்பதைச் சுற்றித்தான் ஆகும். மீதி ஐம்பதுக்கு அவர் விற்பது உங்கள் பயத்தை.

பணம் போகிற இடம் வேறு: டிக்கெட்டில் முத்திரை அடிக்க மறப்பது. காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடை வாசலில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் அதைச் செருகித் தேதியும் நேரமும் அச்சாக வேண்டும். அதிலிருந்து நான்கு மணி நேரம் செல்லும். முத்திரை இல்லாத டிக்கெட், காசு கொடுத்து வாங்கியதாகவே இருந்தாலும், பரிசோதகர் கண்ணில் டிக்கெட் இல்லாத பயணம்தான். அபராதம் டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு. திரும்பி வரும் டிக்கெட்டுக்குத் தனியாக அடிக்க வேண்டும். பலர் சிக்குவது அங்கேதான். இயந்திரம் பழுதாக இருந்தால் (இருக்கும்!) டிக்கெட்டிலேயே பேனாவால் நிலையத்தின் பெயர், தேதி, நேரம் எழுதி, ஏறும்போதே பரிசோதகரைத் தேடிப்போய்ச் சொல்லிவிடுங்கள். செல்போனில் வாங்கினால் முத்திரை வேண்டாம். ஆனால் ஏறுமுன் ‘செக்-இன்’ பொத்தானை அழுத்த வேண்டும். காசு வாங்கிய நிர்வாகமே அதைக் கதவருகே சரிபார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்லத்தான் ஆளில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதே தண்டவாளத்தில் ‘இன்டர்சிட்டி’ என்ற நெடுந்தூர வண்டியும் ஓடுகிறது. ரோம் போகும் வழியில் செஃபலூவிலும் நிற்கும். அதற்கு மட்டும் சீட் நம்பர் உண்டு, குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே டிக்கெட் செல்லும், முத்திரை தேவையில்லை. ஏஜென்டுகள் இந்த ஒரு வண்டியின் விதியைக் காட்டித்தான் எல்லா வண்டிக்கும் சீட் விற்கிறார்கள். உள்ளூர் டிக்கெட்டோடு அதில் ஏறிவிட்டால் அபராதம். ஆகவே பலகையில் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காமல், வண்டி எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள குறி ‘ஆர்’ எழுத்தில் தொடங்குகிறதா, ‘ஐசி’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஐசி என்றால், உள்ளூர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள்.

நிலையத்தில் டிக்கெட் மெஷினுக்கு ‘உதவ’ வருபவர்களை, ‘இன்று ரயில் ரத்து, டாக்ஸியில் வாருங்கள்’ என்பவர்களை நம்ப வேண்டாம். அறிவிப்புப் பலகை ஒன்றே சாட்சி. நிஜமாகவே வேலைநிறுத்தம் (ஷோபெரோ) என்றால் முன்கூட்டியே அறிவித்திருப்பார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் வண்டிகளை ஓட்டியாக வேண்டும். ஞாயிறு, விடுமுறையில் அந்தக் காப்பும் இல்லை, வண்டிகளும் குறைவு. வேலை நாளாகப் பார்த்துப் போங்கள்.

கார் வேண்டாம். சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம். பலேர்மோ பழைய நகரில் ‘இஸட்.டி.எல்.’ (அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையும் பகுதி) பலகை தாண்டினால் கேமரா படம் பிடித்துவிடும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராத நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம். உங்கள் முகவரியை அவர்களுக்குக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் கார்டிலிருந்து தனியாகக் கட்டணம் எடுக்கும். இறங்கி ஊர் சேர்ந்த பிறகும் தண்டம் துரத்தும்.

அம்மாவுக்கு ஏற்ற வரிசை இது: எட்டு மணிவாக்கில் ரயில். செஃபலூ நிலையத்திலிருந்து பேராலயத்துக்குப் பதினைந்து நிமிடம் மெதுநடை, பெரிதாக ஏற்றமில்லை. முதலில் பேராலயம். மதியம் மூடியிருந்தால் வெயிலில் காத்திருக்க வேண்டியதாகும். சிசிலி மன்னர் இரண்டாம் ரொஜர் 1131-இல் கட்டத் தொடங்கியது அது. பீடத்தின் மேல் வளைவில் 1148-இல் முடிந்த கிறிஸ்து மொசைக், கையில் கிரேக்கமும் லத்தீனும் எழுதிய திறந்த புத்தகம். தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். கோயிலுக்குள் நுழையக் கட்டணமில்லை. கோபுரத்துக்கும் உள்முற்றத்துக்கும்தான் உண்டு. வரிசை தாண்டும் டிக்கெட் என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். பழைய சலவைத் துறையை அம்மா மேலிருந்தே பார்க்கட்டும், படிகள் வழுக்கும். 270 மீட்டர் உயர ரோக்கா குன்று அவருக்கு வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டில் ஒன்று: மீனுக்கு எதிரே ‘எத்தோ’ என்று எழுதியிருந்தால் அது 100 கிராமுக்கான விலை. ஆறு யூரோ என்று நினைத்து 700 கிராம் மீன் சொன்னால் பில் 42. சமைக்கும் முன் எடை போட்டு மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘கோபெர்த்தோ’ என்று ஆளுக்கு ஓரிரு யூரோ பில்லில் இருப்பது மேசைக் கட்டணம். அது மெனுவில் அச்சாகியிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

திரும்பும் டிக்கெட்டையும் காலையில் பலேர்மோவிலேயே வாங்கிவிடுங்கள். கடைசி வண்டியை நம்பி உட்காராமல் அதற்கு முந்தைய வண்டியைப் பிடியுங்கள்.