முடித்தது எத்தனை?

கேள்வி: இந்த மாதம் 11 படங்கள், 4 புத்தகங்கள், 2 வீடியோ கேம்கள் முடித்தேன். '12 ஆங்ரி மென்' படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்து ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். இந்த மாதம் நீங்கள் எவற்றை முடித்தீர்கள்? பிடித்தவற்றைச் சொல்லுங்களேன்.

பதில்: நான்கு வரிக் கேள்வியில் 'முடித்தல்' மூன்று முறை வருகிறது. 'பிடித்தல்' ஒரே ஒரு முறை, அதுவும் கடைசியில். எனக்கு இதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

முடி என்பது அருமையான சொல். நம் தலையில் இருந்தால் கேசம், அரசன் தலையில் ஏறினால் மகுடம், மலைக்கு வந்தால் உச்சி, கயிற்றில் விழுந்தால் முடிச்சு. முடியாது என்றால் இயலாது. ஆளையே முடித்துவிட்டான் என்றால் அது கொலை. காசைத் துணியில் முடிந்து வைத்தான் என்றால் பத்திரப்படுத்தினான் என்று பொருள். முடித்து வைப்பதற்கும் முடிந்து வைப்பதற்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். நான் ஒரு படத்தை முடிந்து வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவன். நீங்கள் அதை முடித்துவிடுகிறீர்கள்.

அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். இந்த மாதம் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 1957-இல் வந்தது, 96 நிமிடம். உங்கள் வேகத்தில் 64 நிமிடம். அதாவது 32 நிமிடம் மிச்சப்படுத்தியிருக்கிறீர்கள். எதை மிச்சப்படுத்தினீர்கள் என்று பார்க்கலாம்.

ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய 12 ஜூரிகள், வெக்கையான ஒரு நாளில், ஓர் அறைக்குள் அடைபட்டிருக்கிறார்கள். படம் கிட்டத்தட்ட முழுவதும் அந்த அறைக்குள்தான். கதை பழகியதுதான் என்று நினைத்து மாதத் தொடக்கத்தில் ஒரு முறை பார்த்தேன். அப்புறம் அதன் இயக்குநர் சிட்னி லூமெட் 1995-இல் எழுதிய 'மேக்கிங் மூவீஸ்' நூலைப் படித்தேன். இந்த மாதத்தின் புத்தகம் அதுதான். தொலைக்காட்சியிலிருந்து வந்த லூமெட்டுக்கு இதுதான் முதல் சினிமா. ஒரே அறையில் எப்படி ஒரு முழுப் படத்தை நகர்த்துவது என்ற சிக்கலுக்கு அவர் கண்ட வழி, அறையையே சுருக்கிக்கொண்டு போவது. சுவரை நகர்த்தி அல்ல, லென்ஸை மாற்றி. படம் போகப் போக நீளக் குவியம் உள்ள லென்ஸ்களைப் பயன்படுத்தியிருக்கிறார். அப்படிப்பட்ட லென்ஸ், ஆளுக்குப் பின்னால் தள்ளி இருக்கும் சுவரை அவர் முதுகோடு கொண்டுவந்து ஒட்டிவிடும். கேமராவின் உயரத்தையும் மாற்றியிருக்கிறார். முதல் மூன்றில் ஒரு பங்கு கண் மட்டத்துக்கு மேலே, அடுத்த பங்கு கண் மட்டத்தில், கடைசிப் பங்கு கண் மட்டத்துக்குக் கீழே. இதைப் படித்துவிட்டு மறுபடி படத்தைப் போட்டு, வசனத்தை விட்டுவிட்டுக் கூரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் கூரை கண்ணில் படுவதில்லை. பிற்பகுதியில் அது மெல்லத் தலைகாட்டுகிறது. கடைசியில் ஆட்களின் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதல் முறை பார்த்தபோது எனக்கு மூச்சு முட்டியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

எல்லோரும் வெளியே வந்து நீதிமன்றப் படிகளில் இறங்கிப் போகும் காட்சியில், படத்திலேயே மிக அகன்ற பரப்பைக் காட்டும் லென்ஸைப் போட்டு, கேமராவையும் மிக உயரத்தில் வைத்திருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு மூச்சு விட இடம் கொடுப்பதற்காக என்று அவரே எழுதுகிறார். சரி, 96 நிமிடம் அடைபட்டுக் கிடந்தவருக்குத்தானே அந்தக் காற்று? நீங்கள் மிச்சப்படுத்திய 32 நிமிடமும் அந்தப் புழுக்கம்தான்.

வேகத்தைக் கூட்டிப் படம் பார்ப்பது பற்றி இதே பக்கத்தில் முன்பு நான் எழுதியபோது, "நேரம் என்னுடையது, கேட்க நீங்கள் யார்?" என்று ஒருவர் காரசாரமாகக் கடிதம் போட்டிருந்தார். நேரம் அவருடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நடிகர் பதில் சொல்வதற்கு முன் எடுத்துக்கொள்கிற மூன்று நொடி மௌனம் அவருடையதல்ல. அது அந்த நடிகர் செய்த வேலை. பாட்டை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்க அந்த நண்பரே சம்மதிக்க மாட்டார். படத்துக்கும் தாளம் உண்டு. இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

எங்கள் வேலையிலும் இதைத் தினமும் பார்க்கிறேன். மெய்ப்புப் பார்க்கும்போது வேகமாக ஓடுகிற கண் எழுத்தைப் படிப்பதில்லை, ஊகிக்கிறது. 'முடிந்தது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'முடித்தது' என்று அச்சாகிவிடுவது அப்படித்தான்.

நான் முடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். முடிக்காதவர் நான் மட்டுமல்ல, எழுதியவரும்தான். காஃப்காவின் 'தி காஸில்' நாவலை மறுபடி எடுத்திருக்கிறேன். நில அளவையாளர் வேலைக்கு வந்ததாகச் சொல்லும் ஒருவர், பனி மூடிய ஒரு கிராமத்துக்கு இரவில் வந்து சேர்கிறார். மேலே கோட்டை. அங்கே போய்ச் சேரத்தான் பாடுபடுகிறார், வழி திறப்பதில்லை. காஃப்கா இதை 1922-இல் எழுதத் தொடங்கி அந்த ஆண்டே கைவிட்டார். 1924-இல் காலமானார். எழுதியதை எரித்துவிடச் சொல்லியிருந்தும் அவருடைய நண்பர் மாக்ஸ் பிராட் கேட்கவில்லை, 1926-இல் வெளியிட்டார். கையெழுத்துப் பிரதி வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. ஒரு கிழவி நடுங்கும் கையை நீட்டி அந்த நில அளவையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசத் தொடங்குகிறாள். என்ன சொன்னாள் என்று வருவதற்குள் எழுத்து தீர்ந்துவிடுகிறது. இதை உங்கள் பட்டியலில் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? கடைசிப் பக்கம் வரை படித்தவர்கூட இதை முடித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நான் 30 பக்கம் வந்திருக்கிறேன், அவசரம் இல்லை.

விளையாட்டு என்றால் எனக்கு டெட்ரிஸ்தான். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும், நிரம்பிய வரிசை மறைந்துவிடும். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. அவர் வைத்திருந்த கணினியில் படம் வரைய வசதி இல்லாததால், அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். ஏழே ஏழு வடிவங்கள். ஓர் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒற்றை வரிசையைக் காலியாக விட்டுவிட்டு, நெட்டைக் கட்டை எப்போது வரும் என்று காத்திருக்கும் அந்தப் பதற்றம் எனக்கு இன்றும் குறையவில்லை. தினமும் படுக்கப் போகும் முன் பத்து நிமிடம். இதில் வெற்றிக் காட்சி என்று ஒன்று கிடையாது. தோற்கும்வரை ஆடலாம், அவ்வளவுதான்.

அதையும் ஒருவன் முடித்தான். நின்டெண்டோ நிறுவனத்தின் விளையாட்டுக் கருவிக்காக 1989-இல் வந்த வடிவத்தில், 29-ஆவது கட்டத்தோடு மனித விரலுக்கு எல்லை வந்துவிடுகிறது என்றே நெடுநாள் நம்பினார்கள். கட்டைகள் அங்கே அவ்வளவு வேகமாக விழும். பிறகு, கட்டை விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, மற்றக் கை விரல்களால், கையில் பிடித்திருக்கும் பொத்தான் கருவியின் அடிப்பக்கத்தில் தாளம் போடுவதுபோல் தட்டும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் அப்படித் தட்டித் தட்டியே 157-ஆவது கட்டம் வரை போனான். சுமார் 38 நிமிட ஆட்டம். விளையாட்டு தாங்க முடியாமல் திரை உறைந்து நின்றுவிட்டது. மனிதர்களில் அவன்தான் முதல். முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு முழு உரிமை உண்டு.

நீங்கள் எண்ணிக்கை சொன்னீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் மூன்று முறை, ஒரு புத்தகம், ஒரு நாவலில் 30 பக்கம், டெட்ரிஸ் தினமும் பத்து நிமிடம். மூன்றாவது முறை படத்தைப் பார்த்தது சுவரில் இருக்கும் மின்விசிறிக்காக. வெக்கை தாங்காமல் ஒருவர் அதைப் போட்டுப் பார்க்கிறார், ஓடவில்லை. பிறகு அதே விசிறி சுழல்கிறது. யாரும் அதைப் பழுது பார்க்கவில்லை. எப்படிச் சுழன்றது? படம் பார்த்தவர் நீங்கள், எழுதி அனுப்புங்கள்.