ஸ்பைரோமீட்டரில் (மூச்சளவு பார்க்கும் கருவி) 2.4 லிட்டர் 2.1 ஆகக் குறைந்தால் பரிசோதனை நாள்வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். இன்றே நுரையீரல் மாற்று சிகிச்சை மையத்தைத் தொலைபேசியில் அழையுங்கள்.

இரட்டை நுரையீரல் மாற்று நடந்து எட்டு மாதமான உங்கள் அப்பாவுக்கு, முதல் நொடியில் ஊதும் மூச்சளவு ஒரே வாரத்தில் 2.4 லிட்டரிலிருந்து 2.1 ஆகியிருக்கிறது. இது 12 சதவீதத்துக்கும் மேலான சரிவு. 10 சதவீதம் குறைந்து இரண்டு நாள் அப்படியே நின்றாலே தகவல் சொல்வதுதான் வழக்கம். காய்ச்சல் இல்லை என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் காய்ச்சலையும் அமுக்கிவிடும்.

முதல் ஆண்டில் உடல் புதிய நுரையீரலை நிராகரிப்பது அரிதல்ல. என் ஐயம் அங்கேதான் போகிறது. ஆனால் தொற்றும் இதே வேடத்தில்தான் வரும். பெரும்பாலும் பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து, திசு எடுத்துப் பார்த்தால்தான் எது என்று பிரித்தறிய முடியும்.

அழைக்கும் முன் ஒருமுறை சரிபார்க்கலாம். நிமிர்ந்து உட்காரவைத்து, உதடு இடைவெளியின்றிக் குழாயைக் கவ்வச் சொல்லுங்கள். மூன்று முறை ஊதி, அதிகமான அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். (உதட்டோரக் கசிவு ஒன்றே பலரைப் பயமுறுத்தியிருக்கிறது.) அளவு ஏறாவிட்டால் கருவியைக் குறை சொல்ல வழியில்லை.

நிராகரிப்பைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு பார்க்க இரத்தம் கேட்பார்கள். அன்று காலை மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும். முன்பே போட்டுவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள். கிளாரித்ரோமைசின் போன்றவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூச்சு வாங்கினாலோ ஆக்சிஜன் அளவு இறங்கினாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.