பட்டன் இருக்கிறது, கோடு எங்கே?

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் நண்டும் கணவாயும் வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பும் வாசகர் ஒருவரின் கேள்வி: "எக்செல்லில் 'பில்' பட்டனைத் தட்டினால் ஐஸ் கழிவு கிலோவுக்கு 2 ரூபாய் கழிகிறது. அதை 3 ஆக்க வேண்டும். எழுதிக் கொடுத்த கணக்குப்பிள்ளை வெளிநாடு போய்விட்டார். ஆல்ட்+எஃப்11 அழுத்தினால் வெறும் சாம்பல் திரைதான் வருகிறது."

பட்டன் வேலை செய்கிறதல்லவா? அப்படியானால் கோடு (code, பட்டனை இயக்கும் கட்டளை வரிகள்) உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. திரையில் துழாவாமல் பட்டனையே கேளுங்கள். அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'அசைன் மேக்ரோ' போனால் மேக்ரோவின், அதாவது பட்டன் ஓட்டும் அந்தக் கோடின் பெயர் தெரியும். பெயருக்கு முன்னால் 'பர்சனல்.எக்ஸ்எல்எஸ்பி' என்று இருந்தால், கோடு பில் ஃபைலில் இல்லை. எக்செல் திறக்கும்போதெல்லாம் மறைவாகத் திறந்துகொள்ளும் வேறொரு ஃபைலில் இருக்கிறது. இதே பில் ஃபைலை மகனின் லேப்டாப்பில் திறந்தால் பட்டன் ஓடாது என்பதும் இதனால்தான்.

சரி, இப்போது ஆல்ட்+எஃப்11. கோடு எழுதும் எடிட்டர் அதுதான். சாம்பல் திரை வந்தால் கண்ட்ரோல்+ஆர் தட்டுங்கள், இடப்பக்கம் ஃபைல்கள் வரிசையாக வரும். உரிய ஃபைலில் 'மாட்யூல்ஸ்' பக்கத்துப் பிளஸ் குறியை விரித்து, உள்ளே கோடு வைத்திருக்கும் மாட்யூலை டபுள் கிளிக் செய்தால் கோடு திறக்கும். பாஸ்வேர்டு கேட்டால் கணக்குப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போடுவதே சுலபம்.

கை வைக்கும் முன் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுங்கள். மேக்ரோ ஷீட்டில் செய்ததை கண்ட்ரோல்+இசட் திருப்பாது. எடையை 2-ஆல் பெருக்கும் வரியைத் தேடுங்கள். கண்ணில் படும் 2-ஐ எல்லாம் மாற்றிவிடாதீர்கள், சில 2 ஷீட்டின் காலம் (column, நெடுவரிசை) எண்ணாக இருக்கும். பழைய வரியின் தொடக்கத்தில் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் அது பச்சையாகிச் செயலிழக்கும். கீழே புது வரியை எழுதுங்கள்.

என்னைக் கேட்டால் 3 என்றும் எழுத வேண்டாம். தனி ஷீட்டில் ஒரு செல்லில் ரேட்டை வைத்து, கோடு அதைப் படிக்கும்படி செய்துவிட்டால் ஐஸ் விலை ஏறும்போதெல்லாம் கோடைத் திறக்க வேண்டியதில்லை. அந்த ஷீட்டின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் வையுங்கள். தமிழ்ப் பெயரைக் கோடில் எழுதினால் இந்த எடிட்டர் வெறும் கேள்விக்குறிகளாகக் காட்டும்.

அப்புறம், எஃப்8 தட்டித் தட்டி வரி வரியாக ஓட்டிப் பாருங்கள். ஓடப்போகும் வரி மஞ்சளாகும். ஓடி முடிந்த வரியிலுள்ள பெயர் மேல் மவுஸை வைத்தால் அதன் தொகை தெரியும். 40 கிலோ நண்டுக்குக் கழிவு 120 வந்தால் சேவ் செய்யலாம். கோடு பில் ஃபைலிலேயே இருந்தால் 'எக்ஸ்எல்எஸ்எம்' வகையில். 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' என்றால் மேக்ரோ போய்விடும். பர்சனல் ஃபைலில் இருந்தால், எக்செல்லை மூடும்போது அதையும் சேவ் செய்யவா என்று கேட்கும், 'சேவ்' கொடுங்கள்.